ஆண்டிகள் வீட்டுச் சமையல் மேடை

கொட்டாங்குளத்தில் பெரியாண்டி, நல்லாண்டி, சின்னாண்டி என்று அண்ணன் தம்பிகள் மூவர் இருந்தார்கள். மூவருக்கும் சேர்த்து மூளை எவ்வளவு என்ற வழக்கு ஊரில் இன்னும் தீரவில்லை.

பெரியாண்டியின் மனைவி அங்கம்மாள், குனிந்து சமைத்தே இடுப்பு போச்சு என்று பிறந்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். "நின்னு சமைக்க ஒரு கல்மேடை போடுங்க. அப்புறம்தான் இந்த வாசல்ல கால் வைப்பேன்."

அவள் இல்லாமல் பெரியாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. பொங்கியது தம்பிகள் என்பதும் ஒரு காரணம்.

மூவரும் டவுனில் கல்லும் மரப்பலகையும் விற்கும் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் பளிங்கு, கிரானைட், தேக்கு மூன்றிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மாதிரித் துண்டு கொடுத்தார்.

"எலுமிச்சம்பழம் பிழிஞ்சு பாருங்க, சுடுசட்டிய வெச்சுப் பாருங்க. எது தாங்குதோ அதையே பதிச்சிருங்க. பதிச்சப்புறம் தினமும் தண்ணி ஊத்தணும், மறந்திராதீங்க" என்றார். நல்ல மனுஷன். யாரிடம் பேசுகிறோம் என்று அவருக்குத் தெரியாது.

எலுமிச்சை பட்ட இடத்தில் பளிங்கு மங்கிப்போனது.

"புளிப்பு தாங்கல, பாவம்" என்றான் சின்னாண்டி.

"கொஞ்சம் சீனி போடு" என்றான் நல்லாண்டி. போட்டார்கள். எறும்புகள் வந்தன. பளிங்கு தேறவில்லை.

தேக்கின் மேல் சட்டியை நெருப்போடு சேர்த்து வைத்தார்கள். தேக்கு நன்றாக எரிந்தது.

"மேடையும் விறகும் ஒண்ணாவே கிடைக்குதே" என்று நல்லாண்டி மகிழ்ந்தான். ஆனால் சட்டியை எடுப்பதற்குள் மேடை தீர்ந்துவிட்டது.

கிரானைட் எதற்கும் அசையவில்லை. "நம்ம குடும்பத்துக்கு ஏத்த கல்லு" என்றான் பெரியாண்டி.

அன்றைக்கே இடுப்பு உயரத்துக்குச் செங்கல் தூண் எழுப்பி, உச்சியில் அந்த உள்ளங்கைத் துண்டைப் பதித்தார்கள். மேலே அடுப்பை வைத்தார்கள். அடுப்பு சின்னாண்டியின் காலில் விழுந்தது.

"கல்லு சின்னதா இருக்கோண்ணே?" என்றான் அவன், நொண்டிக்கொண்டே.

"நீ பொறக்கும்போது எம்புட்டு இருந்த?" என்று கேட்டான் பெரியாண்டி.

"அதுதானே. இல்லேன்னா கடைக்காரர் எதுக்குத் தினமும் தண்ணி ஊத்தச் சொல்றாரு?" என்றான் நல்லாண்டி.

அதன்பின் யாருக்கும் சந்தேகம் இல்லை. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார்கள். தொழுவுரம் வைத்தார்கள். ஆடு மேய்ந்துவிடக் கூடாதென்று சுற்றிலும் முள் கட்டினார்கள். மிஞ்சிய பளிங்கைக் குளியலறையில் நட்டார்கள். குளிக்கிற தண்ணியே அதற்குப் பாய்ந்துவிடும் என்று கணக்கு.

மேடை போட்டாச்சு என்று சேதி போக, அங்கம்மாள் வந்து சேர்ந்தாள். முள்வேலியைப் பார்த்தாள். உரத்தைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். பையை இன்னும் கீழே வைக்கவில்லை. 

"ஏங்க, உங்களுக்குக் கொஞ்சமாச்சும் அறிவிருக்கா?" என்றாள். "கூரைக்கு அடியில நட்டா வெயில் எப்படிப் படும்?"

பையைக் கீழே வைத்தாள். பொழுது சாய்வதற்குள் மூவரும் கூரை ஓடுகளைப் பிரித்து இறக்கிவிட்டார்கள். பெரியாண்டி அன்று வயிறு நிறையச் சாப்பிட்டான்.

மழைக்காலம் வந்தது. அங்கம்மாள் தரையில் குனிந்து குழம்பு கிண்ட, பெரியாண்டி பின்னால் நின்று குடை பிடித்தான். பக்கத்து வீட்டுக்காரர் பரிதாபப்பட்டு, கூரையைத் திரும்பப் போட்டால் என்ன என்று கேட்டார்.

"கல்லு நல்லா அகலட்டும் மாமா" என்றாள் அங்கம்மாள். "அடுப்புக்குப் போக மிச்சத்தைக் கூரைக்குப் போட்டுக்கிறோம்."