அம்மா இனி எங்கே இருப்பது

தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம் இருந்தது. ஒருகாலத்தில் பலர் வந்து தங்கிப் பாடம் கேட்ட இடம். ஒவ்வொருவராகப் போய்க் கடைசியில் இரண்டு பெண்கள் மட்டும் மிஞ்சினார்கள். குரு தவமணியம்மாளுக்கு எண்பத்தாறு வயது. சிஷ்யை பூரணத்துக்கு அறுபத்து நான்கு.

ஐப்பசி மழையில் அம்மாள் முற்றத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு ஒருவழியாகச் சேர்ந்தது. கால்தான் நிற்கவில்லை. எழுப்பி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது, முற்றம் தாண்டிக் கழிப்பறைக்குக் கொண்டுபோவது எல்லாம் பூரணத்தின் தலையில் விழுந்தது.

"இந்த இடம் இனி உங்களுக்குச் சரிப்படாது," என்று சொல்லிவிட்டுப் போனார் டாக்டர்.

பூரணம் கேட்டாள். "இனி எங்கே இருக்கிறது அம்மா?"

"போய்ப் பாரு. பார்த்துட்டு வந்து சொல்லு."

பால் கொண்டுவரும் செல்லத்தாயை அம்மாளுக்குத் துணை வைத்துவிட்டுப் பூரணம் பஸ் ஏறினாள்.

முதலில் திருநெல்வேலியில் ஓர் அன்பர் வீடு. தரைத்தளத்தில் அறை ஒழித்துத் தருவதாகச் சொன்னார்கள்.

"நல்ல மனுஷங்க," என்றாள் திரும்பி வந்து. "ஆனா புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடறாங்க. பகல் முழுக்க வீட்டுல ஆள் இல்ல."

"சரி," என்றார் அம்மாள்.

அடுத்தது கோயம்புத்தூர்ப் பக்கம், வயதானவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்பு.

"லிஃப்ட் இருக்கு. கட்டில் பக்கத்துல மணி இருக்கு, அழுத்தினா நர்ஸ் வர்றாங்க. ஆனா தானா எழுந்து நடமாடுறவங்களைத்தான் சேர்ப்பாங்களாம். படுத்துட்டா வேற இடம் பார்த்துக்கணுமாம்."

"சரி."

மடத்திலேயே இருக்கலாம் என்று பகலுக்கு ஒரு பெண்ணை வேலைக்கு வைத்துப் பார்த்தார்கள். இருட்டினால் ஊருக்குத் திரும்ப பஸ் இல்லை என்று ஒரு வாரத்தில் அவள் நின்றுவிட்டாள்.

பிறகு அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு முதியோர் இல்லம். அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று பூரணம் நின்றபடியே சொன்னாள்.

"நீளமா ஒரு கூடம். வரிசையா கட்டில். ஒரு அம்மா ஓயாம அழுதுட்டே இருக்காங்க. உங்களுக்கு ஒத்துவராது."

சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போய்விட்டாள். அம்மாள் 'சரி'கூடச் சொல்லவில்லை.

மார்கழியில் ஒரு விடியற்காலை. கழிப்பறையிலிருந்து அம்மாளைத் தாங்கிக்கொண்டு வரும்போது பூரணத்துக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இருவரும் ஒன்றாகச் சரிந்தார்கள். பூரணம் அடியில் விழுந்ததால் அம்மாளுக்கு அடி படவில்லை. ஆனால் இருவராலும் எழ முடியவில்லை.

பூரணம் முழங்கையை ஊன்றினாள். கை சறுக்கியது. மறுபடி ஊன்றினாள்.

"விடு," என்றார் அம்மாள். "தூக்காதே."

"தரை சில்லுனு இருக்கே அம்மா."

"இருக்கட்டும். செல்லத்தாய் வருவா. அதுவரைக்கும் கிட."

கிடந்தார்கள். மேலே வானம் மெல்ல வெளுத்தது. பூரணத்துக்கு எழ வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அதை நினைத்து வெட்கமாக இருந்தது.

"வலிக்குதா?" என்றார் அம்மாள்.

"இல்ல அம்மா."

அம்மாள் தலையைத் திருப்பி அவள் முகத்தைப் பார்த்தார்.

"வலிக்குது," என்றாள் பூரணம். "உங்களைத் தூக்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்து வலிக்குது. என்னால இனி முடியல அம்மா."

அம்மாள் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "கடைசியா பார்த்தியே, அந்தக் கூடம். அதைப் பத்தி இன்னும் சொல்லு," என்றார்.

பூரணம் வானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"போனதும் என் முகத்தைப் பார்த்துட்டு, முதல்ல உட்காருங்கன்னாங்க. உட்கார்ந்தவ நாற்காலியிலேயே தூங்கிட்டேன். யாரும் எழுப்பல. முழிச்சப்போ மத்தியானம் ஆயிடுச்சு. சாப்பாடு எடுத்து மூடி வச்சிருந்தாங்க. அங்கே தூக்கி விட ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க. ஒருத்தி தலைமாட்டுல நிக்கிறா, ஒருத்தி கால்மாட்டுல. அலுங்காம தூக்குறாங்க. நம்ம ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துல கட்டில் தர்றோம்னாங்க."

"இதை ஏன் அன்னைக்குச் சொல்லல?"

"என் சௌகரியத்துக்குக் கேட்கிற மாதிரி இருந்துச்சு அம்மா."

செல்லத்தாய் வந்து பார்த்துப் பதறிப் பால் கேனைக் கீழே வைத்தாள். அம்மாளை முதலில் எழுப்பப் போனாள். "அவளை முதல்ல எழுப்பு," என்றார் அம்மாள்.

தை பிறந்ததும் மடத்தைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். வழியெல்லாம் பூரணம் வேனில் தூங்கிக்கொண்டே வந்தாள்.

இல்லத்தில் முதல் காலை. அந்த இரண்டு பெண்களும் அம்மாளைக் குளியலறைக்குக் கொண்டுபோனார்கள். பூரணம் பழக்கத்தில் துண்டை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

"நீங்க உட்காருங்க பாட்டி, நாங்க பார்த்துக்கறோம்," என்று ஒருத்தி துண்டை வாங்கிக்கொண்டாள். கதவு சாத்திக்கொண்டது.

பூரணம் வெளியே நின்றாள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. சூடு அதிகமா, போதுமா என்று அந்தப் பெண் கேட்பதும் கேட்டது. அது இத்தனை நாள் பூரணம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி.

அம்மாளைக் கொண்டுவந்து கட்டிலில் சாய்த்தார்கள். தலை வாரி விட்டார்கள், கஞ்சி கொடுத்தார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. கூடத்தின் அந்தக் கோடியில் அழுகிற அம்மா அழுதுகொண்டிருந்தார். பூரணம் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டே இருந்தாள்.

"இனி எனக்கு இங்கே என்ன வேலை அம்மா?" என்றாள். 

அம்மாள் அவளைப் பார்த்தார். "மடத்துக்கு நீ எதுக்கு வந்தே?"

"உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும்னு வந்தேன்."

"கேட்டியா?"

பூரணம் யோசித்தாள். "வந்த அன்னைக்கு அடுக்களையில ஆள் இல்ல. அப்புறம் ஒண்ணு மாத்தி ஒண்ணு வேலை. பிறகு உங்களுக்கு உடம்பு முடியாம போச்சு. நேரம் கிடைக்கல அம்மா."

அம்மாள் கட்டிலருகில் இருந்த ஸ்டூலைக் காட்டினார்.

"எனக்கும் கிடைக்கல. உட்காரு. கேளு."