விறகுக்காரர் பங்கு

மாசி பிறந்த ஏழாம் நாள் காலை, காட்டுநாட்டு அரசர் கோதைவேள் சாப்பாட்டைத் தள்ளி வைத்தார். எதுவும் ருசிக்கவில்லை.

நான்கு நாடுகள் வருஷத்துக்கு ஒருமுறை ஒரே பானையில் சமைத்துச் சாப்பிட்ட காலம் அது. வயல்நாடு அரிசி கொண்டுவரும். கரிசல்நாடு பருப்பு, கடல்நாடு உப்பு, காட்டுநாடு விறகு. நான்கு எல்லைகளும் சந்திக்கும் இலுப்பைத் தோப்பில், மாசி நிறைமதியன்று கூட்டாஞ்சோறு வேகும். அதற்கு நால்நாட்டுக் கூட்டு என்று பெயர். கூட்டில் இருக்கும்வரை எல்லையில் வாயில் இல்லை, காவல் இல்லை. பொதுக் காரியங்களை நான்கு அரசர்களும் கை கழுவுமுன் பேசி முடிப்பார்கள்.

கோதைவேள் அங்கே போய்ப் பன்னிரண்டு வருஷமாயிற்று. முதலில் முழங்கால் வலி. பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

அன்று சபையில் அமைச்சர் வில்லவராயர் எழுந்தார்.

"மன்னா, பிரிந்துவிடுவோம். நம் காட்டில் ஒரு தேக்கை வெட்ட மூன்று நாட்டாரின் ஒப்புதல் வேண்டியிருக்கிறது. யாருடைய காடு இது? வருஷந்தோறும் நாற்பது வண்டி விறகு அனுப்புகிறோம். அரிசிக்காரன் சோறு போட்டேன் என்கிறான். உப்புக்காரன் ருசி கொடுத்தேன் என்கிறான். விறகு தந்தவனை யார் நினைக்கிறார்கள்? பழி மட்டும் நமக்கு. கூட்டு ஓலையிலேயே எழுதியிருக்கிறார்களே, 'அடிப்பிடித்தது விறகுக்காரர் பாடு' என்று!"

சபை தலையாட்டியது. சபையைச் சிரிக்கவைக்கும் வேலையில் இருந்த குழைக்காதனுக்கும் தலையாட்டத்தான் தோன்றியது. தேக்கு விஷயம் உண்மை. ஆனால் அவனுடைய ஒரே மகள் கடல்நாட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். எல்லையில் வாயில் வந்தால் பேரப்பிள்ளையைப் பார்க்கவும் அனுமதி ஓலை வேண்டும்.

"மன்னா, போன கோடையில் காடு பற்றி எரிந்தபோது கரிசல்நாட்டார் எண்ணூறு பேர் குடத்தோடு வந்தார்கள்" என்றான்.

"மூன்று நாள் கழித்து வந்தார்கள்" என்றார் வில்லவராயர்.

"வந்தார்கள் அல்லவா? தனியாக நின்றால் யார் வருவார்கள், நீங்களா குடம் தூக்குவீர்கள்?"

சிரிப்பு எழுந்தது. வில்லவராயர் சிரிக்கவில்லை.

"மன்னா, இவ்வளவு பேசுகிறவர் அந்தப் பானையில் நம் பங்கு என்னவென்று கொண்டுவந்து காட்டட்டும். நம்முடையது மட்டும். வயல்நாட்டு அரிசி ஒரு மணி, கரிசல்நாட்டுப் பருப்பு ஒன்று, கடல்நாட்டு உப்பு ஒரு கல்கூட அதில் இருக்கக் கூடாது."

அரசருக்கு அது பிடித்துவிட்டது.

"நல்ல சோதனை. குழைக்காதா, நிறைமதி கழிந்து மூன்றாம் நாள், உச்சிப்பொழுது வரை உனக்கு நேரம். கொண்டுவராவிட்டால் பிரிவு ஓலையில் முத்திரை வைப்பேன். நீயும் உன் மகள் வீட்டுக்கே போய்விடலாம். திரும்ப வேண்டாம்."

குழைக்காதன் விறகு வண்டியிலேயே ஏறிப் போனான்.

நிறைமதியன்று தோப்பில் பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். செப்புப் பானையைப் பக்கவாட்டில் சாய்த்திருந்தார்கள். ஒரு கிழவர் பாதி உடம்பை அதற்குள் நுழைத்து எதையோ சுரண்டிக்கொண்டிருந்தார். குழைக்காதன் குனிந்து பார்த்துத் திடுக்கிட்டான். கடல்நாட்டு அரசர் சேந்தன்.

"யாருப்பா அது, வெளிச்சத்தை மறைக்கிறது?"

"காட்டுநாட்டு ஆள் சாமி. குழைக்காதன்."

"உங்க ராசா வந்திருக்கானா?"

"இல்லீங்க. முழங்கால் வலி."

"இன்னுமா?" கிழவர் மறுபடியும் சுரண்டினார். "அடியில பிடிச்ச காந்தலுக்கு நானும் அவனும் சின்ன வயசுல இதுக்குள்ள மண்டைய மோதிக்கிட்டோம். இந்தா பாரு தழும்பு. ஓலைப்படி காந்தல் விறகுக்காரன் பாடு, அதனால எனக்குத்தான்னு சட்டம் பேசுவான். கெஞ்சினா ஒரு துண்டு பிச்சுக் கொடுப்பான்."

குழைக்காதனுக்குப் பொறி தட்டியது. வில்லவராயர் பழி என்று படித்ததை அரசர் ஒரு காலத்தில் பாத்தியமாகப் படித்திருக்கிறார்.

"நீங்க சாப்பிடலையா சாமி?"

"எனக்கேது பல்லு? ரெண்டுதான் மிச்சம். வருஷாவருஷம் சுரண்டி வைக்கிறது பழக்கம். அவன் வராததால பிள்ளைங்க தின்னுட்டுப் போகுதுங்க."

"இந்த வருஷம் நான் கொண்டுபோகவா?"

கிழவர் வெளியே வந்தார். நெற்றியெல்லாம் கரி. "கருகினதா, செவந்ததா?"

"அரசருக்குச் செவந்ததுதான்..."

"அது எனக்குத் தெரியாதா?" செவந்த துண்டுகளைப் பொறுக்கி இலையில் வைத்து, நார்க்கயிற்றால் கட்டினார். வலை கட்டுகிறவர்கள் போடும் முடிச்சு. இழுத்தால் இறுகும், தட்டினால் அவிழும்.

பிறகு குழைக்காதன் மீதமிருந்த ஒரு காந்தல் துண்டை வயல்நாட்டு அமைச்சரிடம் காட்டினான்.

"ஐயா, இது உங்க அரிசிதானே?"

"எங்க அரிசியா? மல்லிப்பூ மாதிரி இருக்கும்யா அது! இது உங்க ஆளுங்க தீய வச்ச வேலை."

"அதை எழுதிக் கொடுங்களேன்."

அமைச்சர் சிரித்துக்கொண்டே எழுதி முத்திரை வைத்தார். பருப்புக்காரரும் எழுதினார். உப்புக்காரரும் எழுதினார். காந்தலுக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. அது அந்தப் பந்தியின் பழைய வேடிக்கை.

மூன்றாம் நாள் உச்சிப்பொழுது. குழைக்காதன் ஒரு வெள்ளித் தட்டை அரசர் முன் வைத்துத் துணியை விலக்கினான்.

சாம்பல்.

"நாற்பது வண்டியில் மிஞ்சியது, மன்னா. வேறு எதுவும் கலக்கவில்லை."

வில்லவராயர் துள்ளி எழுந்தார். "பார்த்தீர்களா! நான் சொன்னதை அவரே கொண்டுவந்துவிட்டார்!"

அரசர் பிரிவு ஓலையை எடுத்தார்.

"பொறுங்கள் மன்னா. பங்கில் இன்னும் பாக்கி இருக்கிறது." குழைக்காதன் பொட்டலத்தை நீட்டினான்.

அரசரின் கை யோசிக்காமல் முடிச்சை ஒரு தட்டுத் தட்டியது. கயிறு அவிழ்ந்தது. இலை விரிந்ததும் வாசனை எழுந்தது.

"இதில் அரிசி இருக்கிறது! பருப்பும் இருக்கிறது!" என்று கத்தினார் வில்லவராயர். "தோற்றுவிட்டார்!"

"இருக்கிறதா?" குழைக்காதன் மூன்று ஓலைகளையும் எடுத்தான். "இது எங்கள் அரிசி இல்லை என்று வயல்நாடு முத்திரை வைத்திருக்கிறது. எங்கள் பருப்பு இல்லை என்று கரிசல்நாடு. எங்கள் உப்பும் இல்லை என்று கடல்நாடு. கூட்டு ஓலையோ அடிப்பிடித்தது விறகுக்காரர் பாடு என்கிறது. அதை அமைச்சரே இந்தச் சபையில் படித்துக் காட்டினார். நான்கு நாடுகளும் நம்முடையது என்று ஒப்புக்கொண்ட பொருள் இது ஒன்றுதான்."

அரசர் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மொறுமொறுவென்று சத்தம் கேட்டது. மென்றுகொண்டே இருந்தார். தோள்கள் குலுங்கின. பிறகு கண்ணில் நீர் வரும்வரை வாய்விட்டுச் சிரித்தார்.

வில்லவராயர் தயங்கித் தயங்கிக் கையை நீட்டினார். அரசர் இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உமக்குச் சாம்பல் இருக்கிறதே, அமைச்சரே!"

இப்போது சபையும் சிரித்தது.

"இந்தப் பிரிவு ஓலையைக் கிழிக்க மாட்டேன்" என்றார் அரசர். "என் தேக்குக்கு ஊரெல்லாம் ஒப்புதல் கேட்பது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. அடுத்த மாசியில் நானே போய்ச் சண்டை போடுகிறேன். அதுவரை முத்திரை வேண்டாம். குழைக்காதா, என் பயண வண்டியும் இரண்டு காளைகளும் உனக்கு. மகளைப் பார்க்கப் போய்வா. ஆனால் திரும்பி வரவேண்டும்."

குழைக்காதன் வணங்கினான்.

அரசர் இன்னொரு துண்டை எடுத்தவர், வாயில் போடவில்லை. மடியில் கிடந்த நார்க்கயிற்றைத் தூக்கிப் பார்த்தார். அதை விரலில் சுற்றி அந்த முடிச்சைப் போட்டார். தட்டினார். அவிழ்ந்தது. மறுபடியும் போட்டார்.

"குழைக்காதா" என்றார், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "அவனுக்குப் பல்லெல்லாம் இருக்கிறதா?"