தங்கை பெயருக்கு வந்த தாள்

"யார் செஞ்ச பாவம்மா என் பிள்ளையைப் பிடிச்சது?"

மாதையன் மடத்துக்குள் வந்ததும் வராததுமாகக் கேட்டான். பாவம், செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

மடத்து அம்மா அவனைவிடப் பத்து வயது சின்னவள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பிள்ளைக்கு என்ன அண்ணே?"

"தலசீமியாவாம். உடம்புல ரத்தம் ஊறல. மூணு வாரத்துக்கு ஒருதரம் ஏத்துறோம். ஆறு வயசும்மா. முன்னெல்லாம் ஊசியைப் பார்த்தா அழுவான். இப்ப அவனே கையை நீட்டுறான்."

"டாக்டர் என்ன சொல்றார்?"

"எங்கிட்டப் பாதி, எம் பொண்டாட்டிகிட்டப் பாதி இருந்துச்சாம். ரெண்டும் பிள்ளைகிட்டச் சேர்ந்துடுச்சாம். வீட்டுல எங்கம்மா அவ வம்சத்தைத் திட்டுது. அவங்கம்மா எங்க வம்சத்தைத் திட்டுது. போகாத கோயில் இல்ல. நீங்களாவது ஒரு பரிகாரம் சொல்லுங்க."

அவன் சட்டைப் பையில் ஒரு தாள் எட்டாக மடிந்து கிடந்தது. அம்மா அதையே பார்த்தாள்.

"அது என்ன?"

"ஆஸ்பத்திரியில ஆலோசனை சொல்ற மேடம் கொடுத்தாங்க."

"படிங்க."

மாதையன் தாளைப் பிரித்தான்.

"தேன்மொழிக்கு. கல்யாணத்துக்கு முன்னால் நீங்களும் மாப்பிள்ளையும் ரத்தம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்..."

"தேன்மொழி யாரு?"

"என் தங்கச்சி. மாப்பிள்ளை எம் பொண்டாட்டியோட தம்பி. பொண்ணு கொடுத்துப் பொண்ணு எடுக்குறது எங்க வழக்கம். நிச்சயம் ஆயிடுச்சு. இதைக் காட்டினா கல்யாணம் நின்னுடுமேன்னு பையிலயே வச்சுக்கிட்டேன்."

"கல்யாணம்?"

"தையில முடிஞ்சுது. இப்ப முழுகாம இருக்கா. ரெண்டு மாசம்."

கீரை ஆய்ந்த கை நின்றது.

"நான் படுபாவிம்மா. என் பையன் கையை நீட்டும்போதெல்லாம் எனக்கு அவ வயிறுதான் ஞாபகம் வருது. இனிமே கொடுத்து என்ன ஆகப்போகுது?"

"கடைசி வரி?"

அவன் இதுவரை அவ்வளவு தூரம் படித்ததில்லை. இப்போது எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"ஒருவேளை கல்யாணம் முடிந்து கர்ப்பமாகியிருந்தால் உடனே இருவரும் வரவும். மூன்று மாதம் முடிவதற்குள் குழந்தைக்கும் பார்த்துவிடலாம்."

அம்மா எழுந்து வாசலைப் பார்த்தாள்.

"அவ ஊருக்கு பஸ் எத்தனை மணிக்கு அண்ணே?"

மாதையன் புறப்பட்டான். படியில் நின்று தாளின் மேல் ஓரத்தை மடித்து, கிழிக்கப் போனான்.

"என்ன பண்றீங்க?"

"தேதி போட்டிருக்கும்மா. கல்யாணத்துக்கு ஒரு மாசம் முந்தின தேதி. அவ பார்த்துடுவாளே."

"பார்க்கட்டும்."