கழுத்துக் குழி

ஆடு மேய்த்தவன் மகன் ரிகோமன் வாளெடுத்து, ரோமாபுரிக்கே தளபதியானான். சின்னஞ்சிறு பேரரசன் அவன் சொல்லுக்கெல்லாம் தலையாட்டினான். ஒருநாள் தளபதி, சிலை செதுக்கும் அடிமை நிகானைக் கூப்பிட்டான்.

"நகரச் சதுக்கத்தில் எனக்கொரு சிலை வேண்டும். நாளைக்கு எவன் ஆட்சிக்கு வந்தாலும் அதைக் கீழே தள்ளக் கூடாது. தள்ளினால் உன் உயிர் போகும்."

"அப்படிப்பட்ட சிலை ஏற்கெனவே நிற்கிறது, பிரபு," என்றான் நிகான்.

சதுக்கத்துக்கு அழைத்துப் போய்க் காட்டினான். கொல்லப்பட்ட பழைய தளபதியின் சிலை தலையில்லாமல் நின்றது. கழுத்தில், தலையைப் பொருத்த ஒரு குழி.

"இந்த உடம்பு நாற்பது வருஷமாக நிற்கிறது. நல்ல பளிங்கு, யாருக்கும் உடைக்க மனசு வராது. தலையை மட்டும் மாற்றச் சொல்வார்கள். உங்களுடையது ஐந்தாவது தலை."

தளபதியின் முகம் கறுத்தது. "என் தலையை ஈயம் காய்ச்சி ஊற்றி இறுக்கு."

"போனவரும் அதைத்தான் சொன்னார், பிரபு. அந்த ஈயத்தை உருக்கி எடுத்து வைத்திருக்கிறேன். அதையே ஊற்றிவிடுகிறேன்."

ரிகோமன் அந்தக் குழிக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, தன் தலையைச் செதுக்கச் சொன்னான்.

மூன்றாம் வருஷம் அரண்மனை வாசலில் அவனை வெட்டிப் போட்டார்கள். நிகான் கரியடுப்போடு சிலைமேல் ஏறினான்.

சிலையை யாரும் தள்ளவில்லை. ஈயத்தில் ஒரு துளிகூட வீணாகவில்லை.