யோர்கோவுக்குச் சேரவேண்டிய காய்ச்சல்

கயிற்று மிதியடி செய்து விற்றுக்கொண்டிருந்த நாச்சிமுத்துவுக்கு ஒரு நாள் ஒரு விஷயம் உறைத்தது. ஊரில் கதவு இருக்கிற எல்லா வீட்டிலும் அவருடைய மிதியடி கிடந்தது. கதவு இல்லாத வீடுகள் இரண்டே இரண்டு. அங்கேயும் போய்க் கேட்டுப் பார்த்தார். முதலில் கதவு வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

எனவே கம்பெனியின் கூட்டாளிகள் மூவரும் கூடிப் பேசினார்கள். மூவர் என்றால் நாச்சிமுத்து, அவர் தங்கை அங்காத்தாள், அங்காத்தாளின் புருஷன் சென்னிமலை. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு நாடு இருக்கிறது, வருஷத்தில் பாதி நாள் மழை, மீதி நாள் சேறு என்று யாரோ சொன்னார்கள். ஒரு கன்டெய்னர் நிறைய மிதியடியோடு மூவரும் அங்கே போய் இறங்கினார்கள். அந்த நாட்டின் பெயர் நம் வாயில் நுழையாது. அக்கரை நாடு என்றே வைத்துக்கொள்வோம்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் கடை கிடைத்தது. ஆனால் அந்த நாட்டில் ஒரு சட்டம். வெளிநாட்டுக்காரர் கடை வைத்தால் உள்ளூர் ஆள் ஒருவரையாவது வேலைக்கு வைக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். வேலையாளின் உரிமைகளில் ஒன்று குறைந்திருந்தாலும் கடைக்குப் பூட்டு, மூவருக்கும் திரும்பக் கப்பல். இதையெல்லாம் விளக்கி ஒரு கையேடு கொடுத்தார்கள். தமிழில் வேண்டும் என்று கேட்டதற்குத் தமிழிலேயே கொடுத்தார்கள். மொழிபெயர்த்தவர் யார் என்று அதில் போடவில்லை.

வேலைக்கு வந்தவர் யோர்கோ. நாற்பது வயது, தேக்குக்கட்டை மாதிரி உடம்பு. தூத்துக்குடிக்காரர் ஒருவரோடு பதினொரு வருஷம் ஒரே கப்பலில் சமையல் செய்தவர் என்பதால் தமிழ் நன்றாகப் பேசுவார். முதல் நாள் காலையில் வாசற்படிக்கு நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஷூவுக்குக் கயிறு கட்டினார்.

அதே நேரத்தில் உள்ளே அங்காத்தாள் கையேட்டின் முதல் பக்கத்தைச் சத்தமாகப் படித்தாள். "வேலையாளை அவர் இடத்திலிருந்து நீக்கக் கூடாது. நீக்கினால் கடும் தண்டனை."

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் இடம் வாசற்படி என்று ஆகிவிட்டது.

அன்று முழுவதும் வாடிக்கையாளர்கள் யோர்கோவின் முட்டியைத் தாண்டித்தான் உள்ளே வந்தார்கள். மத்தியானம் அவரே எழுந்திருக்கப் பார்த்தார். சென்னிமலை ஓடிவந்து தோளை அழுத்தினார்.

"உக்காருங்க, உக்காருங்க. நீங்க எந்திரிச்சா நாங்க நீக்கினதா ஆயிரும்."

"அண்ணாச்சி, எனக்கு ஒண்ணுக்குப் போணும்."

மூவரும் ஓரமாகப் போய் ஆலோசித்தார்கள். நாச்சிமுத்துதான் வழி சொன்னார். "ஆளை எடத்துல இருந்து நீக்கத்தான் கூடாது. எடத்தோட சேத்துத் தூக்கிட்டுப் போனா?" ஸ்டூலோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. யோர்கோவும் முதல் வாரம் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டு, இரண்டாம் வாரம் ஸ்டூலில் ஒரு தலையணை போட்டுக்கொண்டார்.

வாரம் ஒரு நாள் கட்டாய ஓய்வு என்றும் கையேட்டில் இருந்தது. கட்டாயம் என்றால் யாராவது கட்டாயப்படுத்த வேண்டும் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மூவரும் யோர்கோ வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவர் தோட்டத்தில் முட்டைக்கோஸுக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருப்பார். மண்வெட்டியைப் பிடுங்கி, அவரைக் கட்டிலில் படுக்க வைத்து, அங்காத்தாள் கதவருகில் காவல் இருப்பாள். பாதிப் பாத்தியை அப்படியே விட முடியாது என்பதால் அண்ணனும் மாப்பிள்ளையும் மீதியை வெட்டுவார்கள். அந்த வருஷம் யோர்கோ தோட்டத்தில் முட்டைக்கோஸ் நன்றாக விளைந்தது.

இப்படி ஐந்தரை மாதம் ஓடியது. ஒரு சாயங்காலம் அங்காத்தாள் முப்பத்தோராம் பக்கத்தைப் புரட்டியவள் அப்படியே வெளிறிப்போனாள்.

"ஏனுங்ணா, 'முதல் ஆறு மாதத்துக்குள் வேலையாளுக்குப் பத்து நாள் நோய் விடுப்பு உண்டு. அதை மறுப்பது குற்றம்'னு போட்டிருக்குதுங்க."

"குடுத்தாப் போச்சு," என்றார் நாச்சிமுத்து.

"எப்படிக் குடுக்கறதுங்க? அவருக்குத்தான் நோயே இல்லீங்களே."

மூவரும் வாசலை எட்டிப் பார்த்தார்கள். அங்கே யோர்கோ இரண்டாவது ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார். ஐந்தரை மாதத்தில் அவர் ஒரு தும்மல் கூடத் தும்மியதில்லை.

"ஏனுங் மச்சான்," என்றார் சென்னிமலை மெதுவாக. "அவருக்குச் சேரவேண்டிய காய்ச்சல நாம குடுக்காம வெச்சுக்கிட்டு இருக்கறமோ?"

"அடுத்தவன் காய்ச்சல் நமக்கு எதுக்கு மாப்ள?" என்றார் நாச்சிமுத்து. "நம்ம வம்சத்துல அந்தப் பழக்கம் கெடையாது."

மறுநாளே வேலையை ஆரம்பித்தார்கள். அடைமழையில் யோர்கோவை ஸ்டூலோடு தூக்கிக்கொண்டுபோய்த் துறைமுகச் சுவர்மேல் வைத்தார்கள். அவர் மட்டும் நனைவது மரியாதை இல்லை என்று மூவரும் பக்கத்தில் நின்று நனைந்தார்கள். அவருக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்தார்கள். நல்ல ஐஸ்தானா என்று முதலில் தாங்கள் தின்று பார்த்தார்கள். சந்தையில் சளி பிடித்த ஒரு மீன்காரரைத் தேடிப் பிடித்து, கடைக்கு அழைத்துவந்து, ஆளுக்கொரு முறை தழுவிக்கொண்டு, பிறகு யோர்கோவையும் தழுவச் சொன்னார்கள். மீன்காரர் யோர்கோவின் சித்தப்பா மகன். கடை மூடியதும் இருவரும் பேசிக்கொண்டே சாராயக்கடைப் பக்கம் போய்விட்டார்கள்.

நான்காம் நாள் காய்ச்சல் வந்தது. நாச்சிமுத்துவுக்கும் சென்னிமலைக்கும் அங்காத்தாளுக்கும் வந்தது.

மூவரும் கடையின் பின்கட்டில் மிதியடிகளை அடுக்கி அதன்மேல் வரிசையாகப் படுத்துக் கிடந்தார்கள். தூக்க ஆள் இல்லாததால் யோர்கோ தானே ஸ்டூலை விட்டு எழுந்து, மிளகு ரசம் வைத்து, கஞ்சி காய்ச்சி, நெற்றியில் பத்துப் போட்டு, இடையிடையே வியாபாரத்தையும் பார்த்துக்கொண்டார்.

"மதினி, இன்னும் ரெண்டு வாய் குடிங்க. நேத்தைக்கு இப்பம் தேவலை."

அங்காத்தாள் தலையைத் திருப்பிக்கொண்டு அழுதாள். "நீங்க ரசம் வேற குடுக்கறீங்க. நாங்க படுத்திருக்கறது உங்க காய்ச்சல்லங்க."

"அது கெடக்கட்டும். நீங்களே வச்சுக்கிடுங்க மதினி."

படுத்த எட்டாம் நாள் நாச்சிமுத்து விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "பத்து நாள்ல எட்டு நாளை நாமளே தின்னுட்டோம் மாப்ள. மிச்சம் ரெண்டு நாள். அதையாவது அவருக்கு விட்டு வெப்போம்" என்று அவர் சொன்னதும், நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலோடு மூவரும் எழுந்து வேலைக்குப் போனார்கள்.

அந்த நிலையில்தான் இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்தார். நெட்டையானவர், கையில் கறுப்பு நோட்டு. யோர்கோ தலையணைமேல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அவரைத் தனியாகப் பேச அழைத்தபோது மூவரும் ஸ்டூலோடு தூக்கிவந்து எதிரில் வைத்ததையும் பார்த்தார். அரைமணி நேரம் இருவரும் அவர்கள் பாஷையில் பேசினார்கள். மூவரும் ஆளுக்கொரு மிதியடியைப் பிடித்துக்கொண்டு நடுங்கினார்கள். காய்ச்சல் பாதி, பயம் பாதி.

கடைசியில் இன்ஸ்பெக்டர் அம்மாள் எழுந்து மூவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். இருபது வருஷத்தில் இப்படி முதலாளிகளைப் பார்த்ததில்லை என்றார். யோர்கோ மொழிபெயர்த்துச் சொன்னார். கடை தப்பித்தது.

அத்தோடு அவர் போயிருக்கலாம். படியிறங்கும்போது சும்மா கேட்டார். "நீங்கள் மூவரும் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்கிறீர்கள்?"

"பதினாலு மணி நேரமுங்க," என்றாள் அங்காத்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை?"

"பாத்தி கட்டப் போயிருவமுங்க."

"காய்ச்சல் வந்தால் விடுப்பு?"

"அது எங்க காய்ச்சல் இல்லீங்களே."

இன்ஸ்பெக்டர் அம்மாள் சிரித்துவிட்டார். "உங்களை இப்படி வதைக்கிற முதலாளிமேல் இந்த நாட்டில் புகார் கொடுப்பார்கள்" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார்.

மூவரும் அன்று சாப்பிடவில்லை. யாரோ ஒருவன் தங்களை ஆறு மாதமாக ஏய்த்துக்கொண்டிருக்கிறான் என்பது இப்போதுதான் தெரிந்திருக்கிறது. சென்னிமலை சுவரில் மாட்டியிருந்த லைசென்ஸைக் கிட்டே போய்ப் பார்த்தார்.

"மொதலாளி பேரு நாச்சிமுத்துன்னு போட்டிருக்குதுங் மச்சான்."

"கேட்ட பேராத்தான் இருக்குது," என்றார் நாச்சிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு. "யாரா இருந்தா என்ன? விடக் கூடாது."

மறுநாள் காலை கடைக்கு எதிரில் மூவரும் வேலைநிறுத்தத்தில் உட்கார்ந்தார்கள். ஈரத்தரை என்பதால் மிதியடி விரித்து உட்கார்ந்தார்கள். "நாச்சிமுத்து ஒழிக" என்று நாச்சிமுத்து தொண்டை கிழியக் கத்தினார். துறைமுகமே கூடிவிட்டது. தமிழ் யாருக்கும் புரியவில்லை, ஆனால் மிதியடி பிடித்திருந்தது. யோர்கோ மூன்றே நாளில் பாதிக் கன்டெய்னரை விற்றுவிட்டார்.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் பேச்சுவார்த்தைக்கு முதலாளி சம்மதித்தார். அதாவது நாச்சிமுத்து எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு உள்ளே போய், கல்லா நாற்காலியில் பத்து நிமிஷம் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு வெளியே வந்து மிதியடியில் உட்கார்ந்தார்.

"என்னங் மச்சான் சொல்றாரு?"

"மசியற ஆளாத் தெரியல."

யோர்கோவுக்கு இதற்குமேல் பொறுக்கவில்லை. ஸ்டூலில் இருந்தபடியே எட்டிக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, மொதலாளி நீங்கதான. உள்ள போயி சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துட்டா எல்லாம் முடிஞ்சிரும்லா?"

நாச்சிமுத்து இருபக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "சொல்லிரலாம். ஆனா உள்ள போனதும் மொதலாளியோட சேந்துக்கிட்டேன்னு இவங்க ரெண்டு பேரும் என்னையச் சந்தேகப்பட மாட்டாங்களா?"

அங்காத்தாள் சென்னிமலையின் காதருகில் குனிந்தாள்.

"எனக்கு நேத்துல இருந்தே அண்ணன்மேல சந்தேகந்தானுங்க. அந்த மொதலாளி வரும்போதெல்லாம் இவரு எங்கயோ போயிடறாரு."