நின்றுபோன செல்கள்

குரு சின்னவள், சிஷ்யை பெரியவள். மார்பகச் செல்களுக்கு வயதாவதை ஆராயும் அந்தக் கூடத்தில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தலைவி ஜெசிந்தா, தன்னைவிட மூத்த தமயந்தியை "அக்கா" என்பாள். தமயந்தி அவளை "மேடம்" என்பாள்.

தமயந்தியின் அம்மா மார்பகப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தபோது வயது நாற்பத்தெட்டு. தமயந்திக்கு இப்போது அதே நாற்பத்தெட்டு. போதாக்குறைக்கு அவள் மார்பிலும் ஒரு கட்டி. எடுத்துப் பார்த்து, சாதாரணக் கட்டிதான் என்று சொல்லிவிட்டார்கள். சொன்னால் மனசு கேட்கிறதா? முறைப்படி அனுமதி வாங்கி, எடுத்த சதையின் ஓரத்திலிருந்த நல்ல செல்களைத் தட்டில் வளர்க்க ஆரம்பித்தாள்.

நன்றாகப் பெருகிக்கொண்டிருந்த செல்கள் ஒருநாள் அப்படியே நின்றுவிட்டன. அகன்று, தட்டையாகிக் கிடந்தன. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே! தன் உடம்பே நின்றுபோகிறது என்று தமயந்தி தூக்கம் கெட்டு, வேளை தவறாமல் ஊட்டநீர் மாற்றினாள்.

சில வாரம் கழித்துத் தட்டின் ஓரத்தில் சின்னக் கூட்டம் ஒன்று மறுபடி பெருகியது. ஓட்டமாய் ஓடினாள்.

"மேடம், பிழைச்சுக்கிச்சு! வந்து பாருங்க."

ஜெசிந்தா நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தாள்.

"மத்ததெல்லாம் செத்துப்போச்சாக்கா?"

"இல்ல, உயிரோடதான் இருக்கு."

"பசியா?"

"ஐயோ, ஊட்டு ஊட்டுன்னு ஊட்டினேனே!"

"அப்புறம் ஏன் நின்னுச்சு?"

"வயசாயிடுச்சு, உள்ள பழுது சேர்ந்துடுச்சு. புத்துநோயைத் தடுக்கிற புரதம் போதும்னு பிடிச்சு நிறுத்திடுச்சு." பரீட்சைக்கு ஒப்பிப்பதுபோல் சொன்னாள்.

"ஓரத்துக் கூட்டத்துல அந்தப் புரதம் இருக்கா? சாயம் போட்டுப் பாருங்க."

அந்தப் புரதம் இருக்கும் இடத்தில் பழுப்பாகும் சாயத்தைத் தமயந்தி போட்டுப் பார்த்தாள். நின்றுபோன செல்களில் பழுப்பு நிறம் அடர்ந்து பிடித்திருந்தது. பெருகிய கூட்டத்தில் துளி நிறம் இல்லை.

பிழைத்ததாக அவள் நினைத்தது, தடையைத் தொலைத்துப் புற்றின் பக்கம் போகும் கூட்டம். இத்தனை நாள் எதைப் பார்த்து அழுதோம், எதைப் பார்த்துச் சிரித்தோம் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

ஓரத்துக் கூட்டத்தைக் காட்டி, "மேடம், எனக்குள்ளயும் இதான் நடக்குதா?" என்றாள்.

ஜெசிந்தா தட்டை மெல்ல நகர்த்தி, நின்றுபோன செல்களை லென்சுக்கு நேரே கொண்டுவந்தாள். தமயந்தியின் தோளைத் தொட்டுக் குனியவைத்தாள்.

"இத்தனை வருஷமா இதுதான் நடந்துட்டிருக்குக்கா."