கரையில் காய்ந்த தெப்பங்கள்

புளியங்காட்டு ஏரிக்கரையில் விலங்குகளுக்கு ஓர் உயர்நிலைப்பள்ளி இருந்தது. அதன் மேல்வகுப்புக்கு நாரைதான் ஆசிரியை. ஈரமணலில் அலகால் எழுதிப் பாடம் நடத்துவார். கோபம் வந்தால் திட்டமாட்டார். கால் மாற்றி நிற்பார்.

ஏரியின் நடுவே ஒரு திட்டு. மார்கழி பிறந்ததும் எங்கெங்கிருந்தோ பறவைகள் வந்து அங்கே கூடு கட்டும். கரையிலிருந்து பார்த்தால், யாரோ வெள்ளை வேட்டிகளை மரத்தில் காயப்போட்டதுபோல இருக்கும். அவ்வளவுதான் தெரியும்.

ஒருநாள் நாரை கூழைக்கடாவைப் பற்றிப் பாடம் நடத்தினார். முள்ளம்பன்றிப் பெண் முள்ளி எழுந்து நின்றாள்.

"டீச்சர், கூழைக்கடாவுக்கு முறம்போல அலகு. குஞ்சுக்கோ துளியூண்டு வாய். அது எப்படி ஊட்டும்?"

"நான் சொன்னால் பரீட்சைவரைக்கும்தான் உனக்கு நினைவிருக்கும். போய்ப் பார்!" என்றார் நாரை.

"எப்படிப் போறது டீச்சர்? எங்களுக்கு இறக்கை இல்லையே!"

நாரை சற்று யோசித்தார். பிறகு மணலில் எழுதியதை எல்லாம் காலால் அழித்தார்.

"சரி. இந்த வருடச் செயல்திட்டம் தெப்பம் கட்டுவது! வாழைத்தோப்பில் குலை வெட்டிய மரங்கள் கிடக்கின்றன. குழுவாகச் சேர்ந்து கட்டுங்கள். அவரவர் கட்டிய தெப்பத்தில்தான் திட்டுக்குச் சுற்றுலா. தெப்பம் இல்லாதவர் கரையில்!"

வகுப்பு முழுக்கக் கூச்சல். உடனே குழுக்கள் சேர்ந்தன. நரிப் பையன் செம்பன், முயல் பஞ்சியையும் ஒரு கீரியையும் சேர்த்துக்கொண்டான்.

"நானும் வரேன்" என்றாள் முள்ளி.

"நீயா? நீ உட்கார்ந்தா தெப்பம் சல்லடை ஆயிடும்!" என்றான் செம்பன்.

"பக்கத்துல உட்கார்றவங்களும்தான்!" என்றாள் பஞ்சி.

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் முள்ளிக்குக் கூழைக்கடாக் குஞ்சைப் பார்க்காமல் இருக்க முடியாது என்று தோன்றியது.

"அப்ப நான் தனியா கட்டறேன்!" என்றாள்.

அன்றே ஒரு வாழைத்தண்டைக் கடித்து அறுத்தாள், உருட்டிக்கொண்டு போய்த் தண்ணீரில் தள்ளினாள், ஏறி உட்கார்ந்தாள். தண்டு உருண்டது. முள்ளி தண்ணீருக்குள் போனாள்.

"முள்ளு மூழ்கிடுச்சு!" என்று கரையில் கைதட்டினார்கள்.

முள்ளி தும்மிக்கொண்டே கரையேறினாள். 'ஒரே தண்டாக இருந்தால் உருளும். மூன்றைச் சேர்த்துக் கட்டினால்?'

பச்சைக் கோவைக்கொடியை அறுத்து மூன்று தண்டுகளைக் கட்டினாள். இறுக்கமாகத்தான் இருந்தது. வெயிலில் போட்டுவிட்டு வகுப்புக்குப் போனாள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது கொடி காய்ந்து சுருங்கிக் கிடந்தது. முடிச்சுக்குள் அவள் கை நுழைந்தது. தொட்டதும் தண்டுகள் மூன்று திசையில் உருண்டன.

'பச்சைக்கொடி காய்ந்தால் கட்டு விட்டுப்போகும்.' அதையும் தெரிந்துகொண்டாள்.

வளைக்குள் உட்கார்ந்து யோசித்தவளை அவள் அம்மா பார்த்தாள்.

"அம்மா கட்டித் தரட்டுமா கண்ணு? ஒரு மத்தியானத்துல முடிச்சிடலாம்."

"வேண்டாம்மா. நீங்க கட்டினா அது உங்க தெப்பம். உதிர்ந்த முள்ளு இருந்தா மட்டும் குடுங்க."

"முள்ளு எதுக்குடி?"

"கட்டினா அவிழுது. குத்திப் பார்க்கறேன்!"

வளையில் கிடந்த முட்களை எல்லாம் பொறுக்கிக்கொண்டு போனாள். ஒரு தண்டிலிருந்து அடுத்த தண்டுக்குள் ஏறும்படி முள்ளை நேராகக் குத்தினாள். தெப்பம் மிதந்தது! ஓர் அலை வந்தது. முட்கள் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தன. மறுபடியும் தண்ணீர், மறுபடியும் தும்மல்.

அடுத்த முறை ஒரு முள்ளை இந்தப் பக்கம் சாய்த்தும், இன்னொன்றை அந்தப் பக்கம் சாய்த்தும் குத்தினாள். அலை வந்தது. தெப்பம் ஆடியது, பிரியவில்லை. முள்ளி அதன்மேல் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

செம்பன் வீட்டில் வேறு வேலை நடந்தது. அவன் அப்பாதான் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் தலைவர்.

"படிக்கிற பையன் கொடி முறுக்கிட்டு உட்காரணுமா? நகம் உடைஞ்சா பரீட்சை எப்படி எழுதுவான்?" என்றது அப்பா நரி.

அடுத்த காட்டுக் குரங்குகளுக்கு ஒரு பலாப்பழம் போனது. மறுநாளே பெரிய தெப்பம் ஒன்று வந்து இறங்கியது. பச்சைக்கொடியால் பின்னல்போலக் கட்டு, நான்கு மூலையிலும் மயிலிறகு, முன்னால் சாமந்தி மாலை.

"தொட்டுடாதே! அலங்காரம் கலைஞ்சிடும்" என்றது அப்பா நரி. செம்பன் தொடவில்லை.

இதைப் பார்த்த மற்றப் பெற்றோர் சும்மா இருப்பார்களா? குரங்குகளுக்கு ஓய்வே இல்லை. வாரம் முடிவதற்குள் கரை முழுக்கத் தெப்பங்கள் வரிசையாக நின்றன.

கண்காட்சி வைத்தார்கள். நாரை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"செம்பா, இதை யார் கட்டியது?"

"நான்தான் டீச்சர்!"

"அப்படியா? இந்த முடிச்சை அவிழ்த்துக் கட்டு, பார்க்கலாம்."

அப்பா நரி குறுக்கே வந்தது. "ஐயோ டீச்சரம்மா! முதல்பரிசு வாங்கப்போற தெப்பம். கலைச்சுடாதீங்க!"

"தண்ணீரிலாவது விட்டுப் பார்த்தீர்களா?"

"விட்டா மயிலிறகு நனைஞ்சிடுமே! சுற்றுலாவரைக்கும் இப்படியே கரையில இருக்கட்டும். நாலு பேர் வந்து பார்க்கணுமில்ல?"

நாரை கால் மாற்றி நின்றார். ஆனால் கழகத்தை எதிர்த்துப் பேச அவருக்கு அன்று துணிவு வரவில்லை.

வரிசையின் கடைசியில் முள்ளியின் தெப்பம். பழுப்பேறிய தண்டுகள், பாசி பிடித்த அடிப்பக்கம், அங்கங்கே நீட்டிக்கொண்டிருக்கும் முள்.

"இது என்ன, குப்பையா?" என்றது அப்பா நரி. "இதை அனுப்பினா பள்ளிக்கூடத்துக்குத்தான் கேவலம்! அந்தப் பொண்ணைக் கரையிலேயே நிறுத்திடுங்க!"

முள்ளியின் முட்கள் சிலிர்த்தன. அவள் தலை குனியவில்லை.

"டீச்சர், அழகா இருக்கணும்னு நீங்க சொல்லலியே! அவரவர் கட்டினதா இருக்கணும்னுதானே சொன்னீங்க?"

நாரையின் கால் பாதியில் நின்றது. "ஆமாம். அப்படித்தான் சொன்னேன்" என்றார். இந்த முறை குரலை உயர்த்தி, "மிதக்கிற தெப்பம் போகும். முள்ளியும் போவாள்!" என்றார்.

முள்ளி செம்பனிடம் போனாள். "உங்க கொடி வெயில்ல காயுது. ஒருதரம் தண்ணில விட்டுப் பாரு. காஞ்ச கொடி கட்டு விட்டுடும்."

"பொறாமை!" என்றான் செம்பன். முள்ளி தன் தெப்பத்தைத் தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

சுற்றுலா நாள் வந்தது. பெற்றோர் எல்லாரும் கரையில் கூடினார்கள். "முதலில் கரையோரமாக ஒரு சுற்று. அதில் தேறினால்தான் திட்டுக்கு!" என்றார் நாரை.

மான்களின் தெப்பம் இறங்கியதும் பிரிந்தது. காட்டுப்பன்றிகளின் தெப்பம் ஏறியதும் பிரிந்தது. அணில்களின் தெப்பத்தில் மாலை மட்டும் மிதந்தது. முழங்கால் தண்ணீரில் ஒரே அழுகை. முள்ளி மட்டைத் துடுப்பைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். செம்பனின் தெப்பம் பெரியது. அது கிறீச்சிட்டுக்கொண்டே எப்படியோ ஒரு சுற்றைத் தாக்குப்பிடித்துவிட்டது.

"பார்த்தீங்களா!" என்று அப்பா நரி வாலை ஆட்டியது.

இரண்டு தெப்பங்கள் திட்டை நோக்கிப் புறப்பட்டன. நாரை மேலே பறந்து வந்தார்.

பாதி வழியில் காற்று எழுந்தது. அலைகள் குறுக்கே அடித்தன. செம்பனின் தெப்பத்தில் பட்டென்று ஒரு சத்தம். ஒரு கொடி அறுந்தது. அடுத்தது அவிழ்ந்தது.

"அப்பா! கட்டு விடுது!"

"முடிச்சை இறுக்குடா செம்பா!" என்று கரையிலிருந்து கத்தியது அப்பா நரி.

"எப்படி இறுக்கறது? எனக்கு முடிச்சே போடத் தெரியாதேப்பா!"

கரையில் இருந்த அத்தனை பேருக்கும் அது கேட்டது.

முள்ளி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். பறவைகளின் இரைச்சல் காதில் விழத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினால் மரத்துக் கூடுகள் தெளிவாகத் தெரியும். பின்னால் பஞ்சி அலறுவது கேட்டது. முள்ளி துடுப்பை மாற்றிப் போட்டுத் தெப்பத்தைத் திருப்பினாள்.

"முள்ளி! எங்களை ஏத்திக்கோ!" என்றாள் பஞ்சி.

"எல்லாரும் ஏறினா எல்லாரும் மூழ்கணும். அந்த நாணலைப் பிடிங்க! தண்டை மட்டும் விட்டுடாதீங்க!"

பக்கத்திலேயே ஒரு நாணல் புதர் இருந்தது. பஞ்சியும் கீரியும் ஒரு கையால் நாணலையும் மறுகையால் தண்டுகளையும் பிடித்துக்கொண்டார்கள். செம்பன் முள்ளியின் தெப்பத்து விளிம்பைப் பற்றிக்கொண்டான்.

"செம்பா, என் முதுகுல தளர்ந்த முள்ளா பார்த்துப் பிடுங்கு!"

"வலிக்குமே!"

"தளர்ந்தது வலிக்காது. பிடுங்கு!"

செம்பன் ஒரு முள்ளைப் பிடுங்கினான். "இந்தா, நீயே குத்திடு முள்ளி!"

"எனக்கு ரெண்டு கைதான். நான் தண்டைச் சேர்த்துப் பிடிக்கணும். நீ குத்து!"

செம்பன் குத்தினான். முள் அவன் உள்ளங்கையில் ஏறியது. "ஆ!"

"எனக்கும் அப்படித்தான் ஏறுச்சு. நேரா குத்தாதே, வழுக்கிட்டு வந்துடும். சாய்ச்சுக் குத்து! அடுத்ததை எதிர்ப்பக்கம் சாய்!"

முதல் முள் கோணலாகப் போனது. இரண்டாவது முறிந்தது. மூன்றாவது தண்டுக்குள் நறுக்கென்று இறங்கியது. செம்பன் அதை இழுத்துப் பார்த்தான். வரவில்லை!

"பிடிச்சிடுச்சு! பஞ்சி, அந்தத் தண்டைக் கொண்டா!" என்று கத்தினான். அவன் குரலில் இப்போது அழுகை இல்லை.

மயிலிறகு போயிற்று. மாலை போயிற்று. பாதித் தண்டுகளும் எங்கோ போயின. மிச்சம் இருந்ததில் கோணல்மாணலாக ஒரு தெப்பம் உண்டாயிற்று. மூவரும் ஏறினார்கள். அது முனகியது; மிதந்தது.

"திரும்புங்கள்! போதும்!" என்று மேலிருந்து கத்தினார் நாரை.

செம்பன் கரையைப் பார்த்தான். திட்டைப் பார்த்தான்.

"டீச்சர், திரும்பினாலும் அதே தூரம்தான்! இது நாங்க கட்டின தெப்பம். நாங்க போறோம்!"

நாரைக்குக் கால் மாற்றி நிற்க வேண்டும்போல இருந்தது. பறக்கும்போது அது முடியாது. "சரி, ஒருவரை ஒருவர் விடாமல் வாருங்கள்!" என்றார்.

தெப்பங்கள் இரண்டும் ஒட்டியபடியே திட்டில் சேர்ந்தன. பிள்ளைகள் சேற்றில் குதித்து, மூச்சை அடக்கிக்கொண்டு மரத்தடியில் நின்றார்கள். தாழ்ந்த கிளை ஒன்றில் ஒரு கூழைக்கடா வந்து இறங்கியது. குஞ்சு கத்தியது. கூழைக்கடா அலகை அகலத் திறந்தது. குஞ்சு தன் தலையைக் கழுத்துவரைக்கும் அதற்குள் விட்டுக்கொண்டது!

"அம்மா ஊட்டவே இல்ல!" என்று முள்ளி கிசுகிசுத்தாள். "வாயைத் திறந்து வெச்சுட்டுச் சும்மா இருக்கு. குஞ்சேதான் உள்ள போய் எடுத்துக்குது!"

மாலையில் அவர்கள் கரை திரும்பியதும் அப்பா நரி ஓடி வந்தது.

"செம்பா! நாளைக்கே இதைவிடப் பெரிய தெப்பம் கட்டச் சொல்றேன்! இந்தத் தடவை நல்ல கயிறாப் போட்டு..."

"வேண்டாம்ப்பா!" என்றான் செம்பன்.

மறுநாள் காலை, மேல்வகுப்பு முழுக்க வாழைத்தண்டுகளோடு கரையில் நின்றது. நாரை அலகால் மணலில் நீளமாக ஒரு கோடு கிழித்தார்.

"பெற்றோர் எல்லாரும் கோட்டுக்கு அந்தப் பக்கம்!"

அப்பா நரி கோட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. செம்பன் மான்களோடு சேர்ந்து முள் குத்துவதையே பார்த்தது. கை துறுதுறுத்தது. பொறுக்க முடியவில்லை.

"டேய் செம்பா! வலப்பக்கம் ஆடுதுடா!"

"தெரியும்ப்பா!" என்றான் செம்பன், திரும்பிப் பார்க்காமல்.

பிறர் கட்டித் தந்த தெப்பம் கரையில்தான் அழகு. தன் கையால் கட்டிய தெப்பமே தண்ணீரைக் கடக்கும்.